மணி பிளாண்ட் – பூக்க மறந்த கொடி



உங்கள் வீட்டு ஜன்னலோரத்திலோ, பக்கத்து வீட்டுக் கூடத்திலோ, ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு கொடியைச் செருகி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதய வடிவ இலை. பச்சையின் மேல் மஞ்சளைத் தெளித்தாற்போன்ற திட்டுகள். மண் இல்லை, உரம் இல்லை, நேரான வெயிலும் இல்லை. ஆனாலும் மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். இதுதான் மணி பிளாண்ட். ‘மணி’ என்றதும் கோயில் மணியை நினைத்துவிடாதீர்கள். பணம் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல் அது. பணச்செடி என்று தமிழில் சொல்வாரும் உண்டு.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. இந்தக் கொடி பூத்து நீங்கள் பார்த்ததுண்டா? அம்மாவைக் கேளுங்கள். பாட்டியைக் கேளுங்கள். செடி விற்பவரையும் கேளுங்கள். “பார்த்ததில்லையே!” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

மல்லிகை பூக்கிறது, துளசி பூக்கிறது, வேலியோரத்துக் குப்பைமேனிகூடப் பூக்கிறது. பூப்பதும், காய்ப்பதும், விதை தருவதும் பூக்கும் தாவரங்களின் இயல்பு. அப்படியிருக்க இந்தக் கொடி மட்டும் ஏன் பூப்பதில்லை? பூக்காத செடி, விதை இல்லாமல், உலகின் இத்தனை நாடுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது?

பெயர் வைக்கத் திணறிய கதை

முதலில் இதன் சொந்த ஊரைத் தெரிந்துகொள்வோம். பசிபிக் பெருங்கடலின் நடுவே, தாகித்தித் தீவுக்கு அருகில் மோரேயா என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. அங்குள்ள வெப்பமண்டலக் காடுதான் மணி பிளாண்டின் தாயகம் என்று இன்று கருதப்படுகிறது. ஆனால் நெடுங்காலம் வரை இது சாலமன் தீவுகளைச் சேர்ந்தது என்றே புத்தகங்களில் எழுதி வந்தார்கள்.

1880-ஆம் ஆண்டில் லிண்டன், ஆந்த்ரே என்ற இருவர் இதற்குப் ‘போத்தோஸ் ஆரியஸ்’ என்று அறிவியல் பெயர் சூட்டினர். ‘ஆரியஸ்’ என்றால் லத்தீன் மொழியில் பொன்னிறமானது என்று பொருள். ‘போத்தோஸ்’ என்பதோ இலங்கையில் ஒரு கொடிக்கு வழங்கிய சிங்களப் பெயரிலிருந்து வந்தது என்பர். பசிபிக் தீவில் பிறந்த கொடிக்கு இலங்கைப் பெயரும் லத்தீன் பெயரும் சேர்ந்துகொண்டன!

பெயர் அத்துடன் நிற்கவில்லை. 1908-இல் ஜெர்மானியத் தாவரவியலார் எங்லர் இதை ‘சிண்டாப்சஸ்’ என்ற வேறொரு பேரினத்தில் சேர்த்தார். 1960-களின் தொடக்கத்தில் அரிதாகப் பூத்த ஒரு கொடியை ஆராய்ந்ததும் ‘ராபிடோபோரா’ என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். பிறகு அதுவும் சரியில்லை என்று ‘எபிப்ரெம்னம்’ என்ற பேரினத்துக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய பெயர் எபிப்ரெம்னம் ஆரியம்.

ஏன் இத்தனை குழப்பம்? லின்னேயஸ் காலத்திலிருந்தே பூக்கும் தாவரங்களை வகைப்படுத்தப் பூவைத்தான் முக்கியச் சான்றாகக் கொள்கிறார்கள். இலையின் வடிவம் இடத்துக்கு இடம் மாறக்கூடும். பூவின் அமைப்பு எளிதில் மாறாது. மணி பிளாண்டோ தன் அடையாளச் சீட்டைக் காட்டவே மறுத்துவிட்டது. தாவரவியலார் என்ன செய்வார்கள், பாவம்!

ஒன்று மட்டும் ஐயமில்லாமல் தெரிந்தது. இது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் உண்ணும் சேப்பங்கிழங்கும் சேனைக்கிழங்கும் இதற்கு உறவினர்கள்.

நாம் பார்ப்பது குழந்தையைத்தான்

மணி பிளாண்டைப் பற்றி மற்றொரு வியப்பான செய்தி. நம் வீட்டில் நாம் காண்பது அதன் இளமை வடிவம் மட்டுமே. புட்டியில் பத்து ஆண்டுகள் வளர்ந்திருந்தாலும் அது குழந்தைதான்.

புட்டியிலும் தொட்டியிலும் வளரும் கொடியின் இலை பொதுவாக 20 செ.மீ. நீளத்தைத் தாண்டுவதில்லை. இதே கொடியை ஒரு பெரிய மரத்தின்மேல் ஏறவிட்டால் நடப்பதைப் பாருங்கள். கணுக்களிலிருந்து வேர்கள் புறப்பட்டு மரப்பட்டையைப் பற்றிக்கொள்ளும். மேலே போகப் போகத் தண்டு பருக்கும். ஒவ்வொரு புதிய இலையும் முந்தைய இலையைவிடப் பெரிதாக வரும். முற்றிய கொடி 20 மீட்டர் உயரம்வரை ஏறும். அப்போது இலையின் நீளம் 100 செ.மீ., அகலம் 45 செ.மீ. வரைகூட இருக்கும். வாழையிலைத் துண்டில் சாப்பிடுகிறோமே, அதைவிடப் பெரியது! இலையின் ஓரங்களும் ஆங்காங்கே கிழிந்தாற்போல் பிளவுபட்டிருக்கும். பழைய பூங்காக்களில் மரத்தைச் சுற்றி இப்படி வளர்ந்த கொடியைப் பார்க்கலாம். பலர் அதை வேறு ஏதோ செடி என்றே நினைத்துக் கடந்து போய்விடுவார்கள்.

இந்த மாற்றத்தின் பொருளை அறிய வேண்டுமானால் காட்டின் தரையில் நின்று யோசிக்க வேண்டும். அடர்ந்த காட்டில் உச்சியில் விழும் வெயிலில் மிகச் சிறு பகுதியே தரைக்கு வந்து சேரும். அங்கே பெரிய இலை விரித்துப் பயனில்லை. ஆகவே இளங்கொடி, சிறிய இலைகளோடு, சிக்கனமாக, ஊர்ந்தபடி ஒரு மரத்தைத் தேடுகிறது. இதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த மான்ஸ்டெரா என்னும் கொடியை ஸ்ட்ராங், ரே என்ற இருவர் ஆராய்ந்து 1975-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். அதன் நாற்றுகள் வெளிச்சத்தை நோக்கி வளர்வதற்குப் பதிலாக, இருட்டை நோக்கி ஊர்ந்தன! காட்டில் மிகவும் இருண்டு தெரிவது பெரிய அடிமரந்தானே? இருட்டை நாடிப் போனால் மரம் கிடைக்கும். மரம் கிடைத்தால் வெளிச்சத்துக்கு ஏறலாம்.

மரத்தில் ஏறி வெளிச்சம் கண்டதும்தான் பெரிய இலை விரிப்பது இலாபமாகிறது. ஏறிய கொடி நழுவித் தொங்கினால், புதிதாக வரும் இலைகள் மறுபடியும் சிறுத்துவிடும். நம் வீட்டுக் கொடி பெரும்பாலும் தொங்கிக்கொண்டோ புட்டிக்குள் நின்றுகொண்டோ இருக்கிறது. அதனால் அது என்றும் இளமையோடு இருக்கிறது.

அப்படியானால் மரத்தில் ஏறி முதிர்ந்த கொடி பூக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை. மீட்டர் நீள இலை விட்ட கொடியும் பூப்பதில்லை. காரணம் வேறெங்கோ இருக்கிறது.

வேலை செய்யாத ஜீன்

அந்தக் காரணத்தைத் தேட, நாம் கொஞ்சம் ஜப்பானிய நெல்வயல் பக்கம் போய்வர வேண்டும். அங்கே நெல்லில் ஒரு நோய் வரும். நோய் கண்ட நாற்று மற்றவற்றைவிட விறுவிறுவென்று உயரமாக வளர்ந்து, மெலிந்து, கடைசியில் சாய்ந்துவிடும். உழவர்கள் அதை ‘முட்டாள் நாற்று’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானிய அறிவியலார், அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சைக் காளானை விட்டுவிட்டு, அது சுரந்த நீரை மட்டும் எடுத்து நாற்றுக்குக் கொடுத்தார். நாற்று அப்போதும் அப்படியே நெடுநெடுவென்று வளர்ந்தது. அந்தச் சுரப்பில் இருந்த பொருளுக்கு ஜிப்பெரெல்லின் என்று பெயர் வந்தது. தாவரங்களும் இதைத் தமக்குத் தாமே தயாரித்துக்கொள்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. தண்டு நீள்வது, விதை முளைப்பது, பல செடிகளில் பூப்பது ஆகியவற்றைத் தூண்டும் ஹார்மோன் இது.

இனி மணி பிளாண்டுக்கு வருவோம். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதன் பூவாமைக்கு விடை கண்டனர். ஜிப்பெரெல்லின் செடிக்குள் பல படிகளில் தயாராகிறது. கடைசிப் படியில்தான் அது செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது. அந்தக் கடைசிப் படிக்கு வேண்டிய நொதியைத் தரும் ஒரு ஜீன் மணி பிளாண்டில் வேலை செய்யவில்லை. பலகாரத்துக்கு மாவு அரைத்தாகிவிட்டது. அடுப்பைப் பற்றவைக்க ஆள் இல்லை என்பதுபோல! செயல்படும் ஜிப்பெரெல்லின் இல்லாததால், பூ அரும்பைத் தொடங்கிவைக்கும் ஜீனும் விழிப்பதில்லை.

விடை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? ஆய்வாளர்கள் ஜிப்பெரெல்லினை வெளியிலிருந்து கொடிமேல் தெளித்தார்கள். கொடி பூத்தது! சேம்புக் குடும்பத்துக்கே உரிய முறையில், ஒரு மடல் விரிய, அதன் நடுவே தடித்த கதிர் நின்றது. அதற்கு முன் இது தானாகப் பூத்ததாக அறியப்பட்ட கடைசிப் பதிவு 1964-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று அவர்கள் குறிப்பிட்டனர்.

கணுவில் இருக்கிறது இரகசியம்

பூ இல்லை, ஆகவே விதை இல்லை. அப்படியானால் மோரேயாத் தீவின் கொடி உங்கள் ஜன்னலுக்கு எப்படி வந்தது? கைமாறிக் கைமாறி வந்தது!

கொடித்தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் கணு இருக்கும். அதன் அருகே பழுப்பு நிறத்தில் சிறு முடிச்சு ஒன்று தெரியும். அது வேராக வளரக் காத்திருக்கும் முனை. இலைக்காம்பின் கக்கத்தில் ஒரு மொட்டும் உறங்குகிறது. அது கிளையாக வளர வல்லது. வேர், தண்டு, இலை ஆகிய மூன்றுக்கும் வேண்டிய ஏற்பாடு ஒரு கணுவுக்குள் அடங்கியிருக்கிறது. தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்நோக்கி இறங்கும். தண்டை வெட்டினால் அது வெட்டுவாய்க்கு மேலே தேங்கி வேர் வளர்வதைத் தூண்டும். ஒரு துண்டைத் தண்ணீரில் வைத்தால் சில நாட்களிலேயே வெள்ளை வேர் எட்டிப் பார்ப்பது இதனால்தான்.

மணி பிளாண்டை விலைக்கு வாங்கக்கூடாது, அடுத்த வீட்டிலிருந்து தெரியாமல் ஒடித்து வந்து வைத்தால்தான் பணம் சேரும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே உண்டு. பணம் சேர்ந்ததோ இல்லையோ, கொடி நன்றாகப் பெருகியது! ஒடித்துச் செல்பவரின் கைதான் இதற்கு வண்டும் காற்றும் பறவையும் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது.

இதில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விதையிலிருந்து வரும் செடியில் தாய், தந்தை இருவரின் பண்புகளும் கலந்திருக்கும். துண்டிலிருந்து வருவதோ தாய்ச்செடியின் நகல்தான். உங்கள் வீட்டுக் கொடியும் நண்பர் வீட்டுக் கொடியும் ஒரே செடியின் இரு துண்டுகளாக இருக்கலாம். எப்போதாவது திடீர் மாற்றத்தால் வெள்ளைத் திட்டு மிகுந்த கிளையோ, முழுப் பச்சைக் கிளையோ தோன்றும். அதை வெட்டி வைத்துத்தான் தோட்டக்காரர்கள் புது வகைகளை உண்டாக்கினார்கள்.

ஜன்னலைத் தாண்டினால்...

துண்டிலிருந்து முளைக்கும் இந்த ஆற்றல் வீட்டுக்குள் நமக்கு மகிழ்ச்சி தருகிறது. காட்டுக்குள் நுழைந்தாலோ கதை மாறுகிறது.

இலங்கையில் கண்டி நகரத்தில், தலதா மாளிகைக்குப் பின்னே உடவத்தக்கலை என்ற காடு இருக்கிறது. ஏறத்தாழ 100 ஹெக்டேர் பரப்புள்ள பாதுகாக்கப்பட்ட காடு அது. அலங்காரத்துக்காக வந்த மணி பிளாண்ட் அங்கே பல ஹெக்டேர் நிலத்தை மூடிவிட்டது. தரை முழுவதும் படர்ந்து, அடிமரங்களின்மேல் ஏறி, கீழே முளைக்கும் நாட்டுமரக் கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்கிறது. இன்று நிற்கும் பெரிய மரம் நாளை முதுமையால் விழும். அந்த இடத்தில் வளர வேண்டிய கன்று கொடிக்கடியில் சிக்கிக் கிடந்தால் காட்டின் கதி என்னவாகும்? ஹவாய்த் தீவுகளிலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் இதே தொல்லை உண்டு.

பிடுங்கி எறியலாமே என்பீர்கள். பிடுங்கும்போது ஒரு கணு மண்ணில் விடுபட்டால் போதும்; அதிலிருந்து மீண்டும் தளிர்க்கும். விதை இல்லாத கொடி ஒரு காட்டையே மூடுகிறது என்றால், கணுவின் ஆற்றலை என்னவென்பது!

காற்றைத் தூய்மையாக்குமா?

மணி பிளாண்ட் அறைக் காற்றிலுள்ள நச்சுகளை எல்லாம் உறிஞ்சிவிடும் என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். இதற்கு ஒரு வேர் உண்டு. 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய பெட்டிகளுக்குள் செடிகளை வைத்துச் சோதித்தது. சில செடிகள் பென்சீன் போன்ற ஆவிகளைக் குறைத்தன. அச்சோதனைகளில் மணி பிளாண்டும் இடம்பெற்றது.

ஆனால் நம் வீடு மூடிய பெட்டியன்று. கதவு, ஜன்னல் வழியே காற்று ஓயாமல் மாறுகிறது. இத்தகைய பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் இரு அறிவியலார் கணக்கிட்டனர். காற்று மாறுவதால் கிடைக்கும் தூய்மையைச் செடிகள் தர வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம்! 10 அடி நீளம், 10 அடி அகலமுள்ள அறையின் பரப்பு சுமார் 9 சதுர மீட்டர். குறைந்த கணக்கிலேயே 90 தொட்டிகள் ஆகின்றன. பிறகு நாம் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறந்து வைப்பதே மேல்.

இந்தத் திறனைக் கூட்ட முடியுமா என்று வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முயன்றனர். முயலின் உடலில் நச்சுப்பொருள்களைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதற்கான ஜீனை மணி பிளாண்டில் புகுத்தினர். மாற்றப்பட்ட கொடி, மூடிய குப்பிக்குள் இருந்த குளோரோஃபார்மையும் பென்சீனையும் விரைவாகக் குறைத்தது. இதை 2018-இல் அறிவித்தார்கள். இந்தக் கொடி பூப்பதில்லை என்பதால், மாற்றிய ஜீன் மகரந்தம் வழியே வெளியே பரவும் அச்சமும் குறைவு. பூவாமையிலும் ஒரு பயன்!

இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: சேம்பு, சேனை ஆகியவற்றைச் சரியாக வேகவைக்காமல் தின்றால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அவற்றைப் புளி சேர்த்துச் சமைப்பது அதனால்தான். அரிப்புக்குக் காரணம், திசுக்களில் கட்டுக்கட்டாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். ஊசிபோல் கூரிய அவை மணி பிளாண்டிலும் இருக்கின்றன. கடித்தால் வாய் எரியும், வீங்கும். தவழும் குழந்தைக்கும் நாய், பூனைக்கும் எட்டாத இடத்தில் கொடியை வையுங்கள். வெட்டியபின் கையைக் கழுவுங்கள்.

இரண்டாவது: புட்டியில் தேங்கிய நல்ல தண்ணீர், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம். முட்டை கொசுவாக மாற வெயில் நாட்டில் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை தவறாமல் தண்ணீரை மாற்றுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் புட்டியின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையேல் கொடியை மண்தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

செய்து பாருங்கள்

1. மூன்று புட்டிகளில் தண்ணீர் எடுங்கள். முதலாவதில் கணுவும் இலையும் உள்ள துண்டு. இரண்டாவதில் இரு கணுக்களுக்கு இடைப்பட்ட வெறும் தண்டு. மூன்றாவதில் காம்புடன் இலை மட்டும். ஆறு வாரம் கவனித்து, எதில் வேர் வந்தது, எதில் புதுத்தளிர் வந்தது என்று எழுதுங்கள்.

2. ஒரே அளவுள்ள இரு கொடிகளைத் தொட்டியில் நடுங்கள். ஒன்றைத் தேங்காய் நார் சுற்றிய கம்பில் ஏற்றி, நாரை ஈரமாக வையுங்கள். மற்றதைத் தொங்கவிடுங்கள். மாதந்தோறும் புதிய இலையின் நீள அகலங்களை அளந்து வரைபடம் போடுங்கள். ஆறு மாதத்தில் இரு கோடுகளும் எப்படிப் பிரிகின்றன?

3. ஒரு தொட்டியை வெளிச்சமான ஜன்னலருகிலும், மற்றொன்றை அறையின் மங்கலான மூலையிலும் வையுங்கள். புதிய இலைகளில் மஞ்சள் திட்டு எதில் அதிகம்? மஞ்சள் பகுதியில் பச்சையம் குறைவு என்பதை நினைவில் கொண்டு காரணம் சொல்லிப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் மீந்த துண்டுகளை என்ன செய்வீர்கள்? வேண்டும் நண்பருக்குக் கொடுங்கள். அல்லது நன்றாக வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு கணுவும் சருகாகிவிட்டதைப் பார்த்தபின் எறியுங்கள். ஆற்றங்கரையிலும் காட்டோரத்திலும் மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றச் செடிகள் தம் விதையைக் காற்றிடமும் பறவையிடமும் கொடுத்து அனுப்புகின்றன. பூக்க மறந்த இந்தக் கொடி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை உங்கள் கையிடம் ஒப்படைத்திருக்கிறது.